ஜிப்லைனுக்கும் குகை நீச்சலுக்கும் ஒரே ஜோடி: எந்தக் காலணி தாங்கும்?

காட்டுப் பாதையில் நடை, மேடையேறி ஜிப்லைன் (கம்பியில் தொங்கிச் சறுக்குவது), பிறகு குகைத் தண்ணீரில் நீச்சல். நடுவில் காலணி மாற்ற வசதி இருக்காது. கழற்றியதை நாமேதான் சுமக்க வேண்டும். ஆக, ஒரே ஜோடியில் நாளை ஓட்டியாக வேண்டும். களத்தில் மூன்று இருக்கின்றன: பட்டை வைத்த சாண்டல், நியோப்ரீன் (ரப்பர் நுரைத் துணி) அக்வா ஷூ, வீட்டு மூலையில் கிடக்கும் பழைய ரன்னிங் ஷூ. என் ஓட்டு பழைய ஷூவுக்கு, ஒரு நிபந்தனையோடு.

சாண்டலைச் சீக்கிரம் முடித்துவிடலாம். விரல் வெளியே தெரிந்தால் பல இடங்களில் ஜிப்லைன் மேடையில் ஏற்றவே மாட்டார்கள். வேகமாக வந்து இறங்கும்போது மேடை விளிம்பில் விரல்கள்தான் முதலில் மோதும். குகை ஓடையிலோ பட்டைக்கு அடியில் பொடிக்கல் புகுந்து தோலை உரசிப் புண்ணாக்கும்.

அக்வா ஷூ தண்ணீருக்குள் சுகம். எடையே தெரியாது. நீச்சல் மட்டும் என்றால் மறுபேச்சு இல்லை. தரையில்தான் சிக்கல். சோல் மெல்லியது என்பதால் சுண்ணாம்புப் பாறையின் ஒவ்வொரு கூர்முனையும் பாதத்தில் உறைக்கும். லேஸ் இல்லாத ரகம் நனைந்ததும் தளர்ந்துவிடும்; கம்பியில் போகும்போது கழன்று விழுந்தால் மிச்ச நாள் ஒற்றைச் செருப்புதான். இழுத்துக் கட்டும் கயிறும் கெட்டியான சோலும் உள்ள ரகம் கிடைத்தால் இந்தப் புகாரில் பாதியைத் திரும்பப் பெறுகிறேன்.

ரன்னிங் ஷூ விரலை மூடும், லேஸ் பிடித்து வைக்கும், சோல் தடிமன். நீந்தும்போது காலை இழுக்கும்தான், ஆனால் லைஃப் ஜாக்கெட் போட்டிருப்பதால் அது பெரிய தொல்லையில்லை. மேல்பகுதி வலைத்துணியாக இருக்கட்டும். தண்ணீர் புகாத உள்சவ்வு வைத்த ஷூ வேண்டவே வேண்டாம்: கணுக்கால் வழியே உள்ளே போன தண்ணீர் வெளியேற வழியின்றி ஷூவே வாளியாகிவிடும். சாக்ஸ் பருத்தியில் வேண்டாம். நனைந்த பருத்தி கொப்புளத்துக்கு அழைப்பு. மெல்லிய நைலான் போதும்.

இனி நிபந்தனை: சோல் ஒட்டு. பழைய ஷூ குகையில் வாய் பிளப்பதற்கு அடுக்கிவைத்த வருடங்களே காரணம். நடுச்சோல், அதாவது அடிச்சோலுக்கு மேலுள்ள நுரை அடுக்கு, பாலியூரித்தேன் என்ற பிளாஸ்டிக்கில் செய்ததாக இருந்தால் காற்றின் ஈரத்தாலேயே வேதிமுறையில் சிதையும். போடாமல் வைத்திருந்தாலும் சில வருடங்களில் பிஸ்கட் மாதிரி உதிரும். ஈ.வி.ஏ. என்ற இன்னொரு வகை நுரை அப்படி உதிராது, ஆனால் ஒட்டியிருக்கும் பசை காய்ந்து விட்டுப்போகும். வெளித்தோற்றத்தை வைத்து இந்த இரண்டு கோளாறையும் கண்டுபிடிக்க முடியாது.

அதனால் ஒரு வாரம் முன்பே சோதியுங்கள். நடுச்சோலை நகத்தால் அழுத்துங்கள். பொடி உதிர்ந்தால் குப்பைக்கு. முன்பகுதியை வளைத்து விரல் பக்கம் இடைவெளி தெரிகிறதா பாருங்கள். பிறகு ஓர் இரவு தண்ணீரில் ஊறவைத்து, காலையில் ஈரத்தோடே அரை மணி நேரம் மேடுபள்ளத்தில் நடங்கள். தேறினால் பாதத்துக்கு அடியில் இருக்கும் இன்சோலை எடுத்துவிட்டு, பழைய செய்தித்தாள் திணித்து நிழலில் காயவையுங்கள். வெயிலும் ஹீட்டரும் பசையை இளக்கும்.

லேசாக விட்டிருந்தால் ஷூவுக்கான நெகிழும் பசை பூசி, இறுக்கிக் கட்டி 24 மணி நேரம் விடுங்கள். நொடியில் ஒட்டும் சூப்பர் பசை காய்ந்ததும் விறைத்து, வளைக்கும்போது உடையும். ஈர ரப்பரில் டேப்பும் ஒட்டாது. பையில் நீளமான கேபிள் டை (இழுத்தால் இறுகும் பிளாஸ்டிக் பட்டை) நான்கு போட்டுக்கொள்ளுங்கள். சோல் பிளந்தால் முன்பாதத்தைச் சுற்றி இறுக்கி, வெளியே வரும்வரை சமாளிக்கலாம்.

வழுக்கல்? ஈரப் பாறையில் மென்மையான ரப்பர் சோல் நன்றாகப் பிடிக்கும். பாசியும் களிமண்ணும் வந்துவிட்டால் மூன்றுமே வழுக்கும், அங்கே யாருக்கும் மதிப்பெண் போட முடியாது.

சுத்தம் செய்வதில் அக்வா ஷூவே ஜெயிக்கிறது. வலைத்துணிக்குள் புகுந்த குகைச் சேறு லேசில் போகாது. வௌவால்களைக் கொல்லும் வெண்மூக்கு நோயின் பூஞ்சை பரவியுள்ள வட அமெரிக்காவில், ஒரு குகையின் சேறு அடுத்த குகைக்குப் போகக் கூடாது என்பதில் கறாராக இருப்பார்கள். சேற்றைக் கழுவிய பின் குறைந்தது 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் மூழ்கவைப்பது அங்குள்ள ஒரு முறை. அந்தச் சூடு பழைய ஒட்டுக்குப் பகை. அடுத்த குகைக்கும் இதே ஜோடிதான் என்றால், வெந்நீருக்குப் பிறகு நகச் சோதனையிலிருந்து மறுபடி ஆரம்பிக்க வேண்டும்.