பத்துப் பொத்தான்தானே என்று வாங்கிய பெட்டி: கேஜன் அக்கார்டியனோடு ஆறு மாதம்

எட்டு வருடமாக என் மடியில் இருந்தது ஐரிஷ் பாணிப் பொத்தான் அக்கார்டியன். இரண்டு வரிசை, 21 பொத்தான்கள். ஒரு வரிசை பி சுருதி, மற்றது சி. இரண்டுக்கும் இடையே அரைச் சுரம்தான் என்பதால் பன்னிரண்டு சுரஸ்தானங்களும் கைக்குள் அடங்கும். வேலை மாறி அமெரிக்காவில் லூசியானாவின் லஃபாயெட்டுக்கு வந்த பிறகுதான், இங்குள்ள பிரெஞ்சு வழி மக்களான கேஜன்களின் அக்கார்டியனை நேரில் பார்த்தேன். ஒரே வரிசை, பத்தே பொத்தான்கள், சி சுருதி. என் பெட்டியில் ஒரு வரிசையைக் கழற்றிவிட்டால் இதுதானே, ஒரு வாரத்தில் வந்துவிடும் என்று நினைத்தேன். இப்போது அதை நினைத்தால் சிரிப்பு வருகிறது.

முதலில் செய்த தப்பையும் சொல்லிவிடுகிறேன். இணையத்தில் 400 டாலருக்கு ஒன்று வாங்கினேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. பொத்தான் எதையும் தொடாமல் ஒரு பக்கத்தைப் பிடித்துத் தூக்கினால் துருத்தி மெதுவாகத்தான் இறங்க வேண்டும். இதுவோ அறுந்த வாளி போல விழுந்தது. காற்று ஒழுகும் பெட்டியில் எதுவும் கற்க முடியாது. திருப்பி அனுப்பினேன், அந்தச் செலவும் என் தலையில்தான் விழுந்தது.

இரண்டாவதாக வாங்கியதைப் பற்றித்தான் இந்த விமர்சனம். யூனிஸ் ஊருக்கு வெளியே, வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டுத் தனியாளாக அக்கார்டியன் செய்யும் ஒருவரிடம் சொல்லிச் செய்தது. 2,300 டாலர், நான்கு மாதக் காத்திருப்பு. மேப்பிள் மரம், இத்தாலிய ரீடுகள் (காற்றில் அதிர்ந்து ஒலிக்கும் உலோக நாக்குகள்). அவர் கொட்டகைச் சுவரில் மோனார்க் என்ற பழைய ஜெர்மன் அக்கார்டியன் ஒன்று தொங்குகிறது. ‘சின்னக் கறுப்பு’ என்று பிரெஞ்சில் செல்லமாக அழைக்கப்பட்ட வகை அது. இரண்டாம் உலகப் போரோடு ஜெர்மனியிலிருந்து வரத்து நின்றுபோனதால்தான் லேக் சார்ல்ஸில் சிட்னி பிரவுன் போன்றவர்கள் தாங்களே செய்யத் தொடங்கினார்கள். என் பெட்டியும் அந்த அளவுகளில்தான் பிறந்தது. பொத்தான்களின் இடைவெளியைச் சற்றுக் குறைக்க முடியுமா என்று கேட்டேன். மோனார்க்கைக் கையால் காட்டிவிட்டு மரத்தைத் தேய்க்கப் போய்விட்டார்.

முதலில் சத்தத்தைச் சொல்ல வேண்டும். ஒரு பொத்தானுக்கு நான்கு ரீடுகள்: கீழ் ஸ்தாயியில் ஒன்று, நடுவில் இரண்டு, மேலே ஒன்று. பெட்டியின் தலையில் நான்கு குமிழ்கள். தூக்கினால் அந்தந்த ரீடு வரிசை திறக்கும். எல்லாரும் நான்கையும் தூக்கிவிட்டுத்தான் வாசிக்கிறார்கள். மைக் இல்லாத காலத்தில் வீட்டுக் கூடத்தில் ஊரே ஆடும்போது கேட்க வேண்டிய வாத்தியம் அல்லவா? அடுக்குமாடியில் இருப்பவர்கள் யோசித்து வாங்குங்கள். இரவில் இரண்டு குமிழ்களை இறக்கிவிட்டு வாசித்தும் மேல்மாடிக்காரர் தரையைத் தட்டினார்.

நடுவில் உள்ள இரண்டு ரீடுகளும் ஏறத்தாழ ஒரே சுருதியில் நிற்கின்றன. என் பழைய பெட்டியில் இருந்த நடுக்கம் இதில் இல்லை. அதைவிட எனக்குப் பிடித்தது காந்தாரம். பியானோவின் காந்தாரத்தைவிட இதில் ஒரு மயிரிழை கீழே வைத்துச் சுருதி சேர்த்திருக்கிறார். தம்புரா மீட்டும்போது யாரும் தொடாமலே ஒரு காந்தாரம் கேட்குமே, அதேதான். ச, க, ப மூன்றையும் ஒன்றாக அமுக்கினால் ஒரே குரலாக ஒட்டிக்கொள்கின்றன. சிறுவயதில் பாட்டு வகுப்பில் உட்கார்ந்த காதுக்கு இது தாய்வீடு. பழைய பெட்டி இப்போது கொஞ்சம் புளிக்கிறது.

கையைப் பற்றித்தான் நிறையச் சொல்ல வேண்டியிருக்கிறது. ஆர்மோனியத்தில் துருத்தி எப்படிப் போனாலும் கட்டைக்கு ஒரே சுரம். இங்கே ஒரே பொத்தானில் துருத்தியை அமுக்கினால் ஒன்று, இழுத்தால் வேறொன்று. மூன்றாம் பொத்தான் அமுக்கினால் ச, இழுத்தால் ரி. நான்காவது க, ம. ஐந்தாவது ப, த. ஆறாவதில் முறை மாறி, இழுத்தால் நி, பிறகு அமுக்கினால் மேல் ச. இதெல்லாம் எனக்கு முன்பே தெரியும். தெரியாதது, கேஜன் கைகள் பெரும்பாலும் ஒரு சுரத்தை ஒற்றையாக வாசிப்பதில்லை என்பது. இரண்டு ஸ்தாயிகளை ஒருசேர அமுக்குகிறார்கள். அமுக்கும் சுரங்களுக்கு மேல் ஸ்தாயி மூன்று பொத்தான் தள்ளி இருக்கிறது: ச-வுக்கு மூன்றும் ஆறும். இழுக்கும் சுரங்களுக்கோ நான்கு தள்ளி: ரி-க்கு மூன்றும் ஏழும். ஆகவே துருத்தி திசை மாறும் ஒவ்வொரு முறையும் கை ஒரு பொத்தான் அகலம் விரிந்து சுருங்க வேண்டும். ச-ரி-க-ம என்று நான்கு சுரம் போவதற்குள் என் சுண்டுவிரல் மூன்று முறை அளவு மாறியது. முதல் மாதம் முழுக்க இந்த நான்கு சுரம்தான் வாசித்தேன்.

இரண்டு பொத்தான் என்றால் எட்டு ரீடுகள். துருத்தியோ சின்னது. காற்று தண்ணீராகச் செலவாகிறது. ஐரிஷ் பெட்டியில் மூச்சைப் பற்றி நினைத்ததே இல்லை. இதில் ஒவ்வொரு வரியிலும் காற்றுப் பொத்தானை இடது கட்டைவிரலால் தட்டிக் கணக்கைச் சரி செய்ய வேண்டியிருக்கிறது. அதே இடது கைக்கு இரண்டே சாவிகள்: அமுக்கினால் ச, இழுத்தால் ப. பாட்டு ம-வில் நிற்கும்போதும் அது பிடிவாதமாக ப-வைத்தான் தரும். முதலில் உறுத்தியது. இப்போது அது இல்லாவிட்டால் உப்பில்லாதது போல இருக்கிறது.

தோள்வார் கிடையாது. வலது கட்டைவிரல் ஒரு தோல் வளையத்துக்குள் போகிறது. இழுக்கும் பாரமெல்லாம் அதன் மேல்தான். என் பெட்டியோடு வந்த வளையம் விறைப்பானது, குறுகலானது. மூன்று வாரம் கட்டைவிரலின் அடியில் தோல் உரிந்து எரிந்தது. 2,300 டாலர் வாங்குபவர் இதில் கஞ்சத்தனம் செய்திருக்க வேண்டாம். மெல்லிய தோலில் வேறு வளையம் வெட்டி மாட்டிக்கொண்டேன்.

இன்னொரு குறை: ஒன்பதாம் பொத்தானில் துருத்தியை இழுத்தால் வரவேண்டிய த, தூங்கி எழுந்தது போலத் தாமதமாக வந்தது. செய்தவரிடமே எடுத்துக்கொண்டு போனேன். பெட்டியைத் திறந்து, ரீடின் நாக்குக்கு அடியில் மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை நுழைத்து உருவினார். ஒரு பொட்டு மரத்தூள் வந்தது. வேலை முடிந்தது. பணமும் வாங்கவில்லை, மன்னிப்பும் கேட்கவில்லை.

யூனிஸில் ஒரு சனிக்கிழமை காலை, கூடி வாசிப்பவர்களோடு உட்கார்ந்தேன். பக்கத்திலிருந்த வயலின்காரர், தன் தந்திகள் நான்கையும் ஒரு முழுச் சுரம் இறக்கி வைத்திருந்தார். சி பெட்டியோடு சேர இங்கே பலர் அப்படித்தான் செய்கிறார்கள். எனக்கு ஒரு வால்ட்ஸ் கொடுத்தார்கள். நான் ஐரிஷ் பழக்கத்தில் ஒவ்வொரு நீண்ட சுரத்துக்கும் மூன்று குட்டிச் சுரங்களைக் கோத்து அலங்கரித்தேன். முடிந்ததும் அவர், “நன்றாக வாசிக்கிறீர்கள். ஆனால் ஆடுகிறவர்கள் எங்கே கால் வைப்பார்கள்?” என்றார். கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து, இந்த ஊர்ப் பக்கத்து அந்தக் கால அக்கார்டியன்காரர் அமெதே ஆர்டுவாங் 1929-இல் டென்னிஸ் மக்கீயின் வயலினோடு செய்த பதிவுகளை மறுபடி கேட்டேன். அங்கும் அலங்காரம் உண்டு, ஏராளமாக உண்டு. ஆனால் ஒன்றுகூடத் தாளத்தின் மேல் மிதிக்கவில்லை. கோபம் அடங்கிவிட்டது.

ஐரிஷ் பாட்டுகளை இதில் வாசிக்கலாம் என்று வாங்க நினைப்பவர்களுக்கு: வேண்டாம். இது சங்கராபரணப் பெட்டி. பிரதி மத்யமம் கிடையாது, டி சுருதி ரீல்களை (ஐரிஷ் நடன மெட்டுகளை) மறந்துவிடுங்கள். ஆனால் ப-வை ஆதாரமாக வைத்து வாசித்தால் அதே பத்துப் பொத்தான்கள் ஹரிகாம்போதியாகிவிடுகின்றன. அந்த இறங்கிய நிஷாதத்தில்தான் இந்த ஊரின் ப்ளூஸ் உட்கார்ந்திருக்கிறது. இதற்காக மட்டுமே இன்னொரு முறை பணம் கொடுப்பேன்.

ஐந்துக்கு நான்கு மதிப்பெண். ஒன்றைக் குறைத்தது தோல் வளையத்துக்காக.

பழைய பெட்டியை விற்கவில்லை. போன வாரம் எடுத்து ஒரு ரீல் வாசித்தேன். துருத்தியை இழுத்த ஒவ்வொரு முறையும் சுண்டுவிரல் தானாக விரிந்து, யாரும் கேட்காத மேல் ஸ்தாயியைத் தேடிப் போனது.