கற்றல் பெட்டிக்குப் பணம் கொடுக்கும் முன் அளந்து பாருங்கள்: ராமேசுவரம் தீவிலிருந்து ஓர் எச்சரிக்கை

பள்ளிக்கோ படிப்பு மையத்திற்கோ செய்து பார்த்துக் கற்கும் அறிவியல், கணிதப் பெட்டிகளை வாங்க எண்ணியிருப்பவர்கள், பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிட வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன். ராமேசுவரம் தீவில், பாம்பனுக்கும் தங்கச்சிமடத்திற்கும் இடைப்பட்ட எங்கள் கடற்கரை ஊரில் நடக்கும் மாலை நேரப் படிப்பு மையம், இந்த ஆண்டு அப்படி ஒரு பெட்டிக்கு ரூ.46,800 கொடுத்து ஏமாந்தது. எங்கள் மனு நுகர்வோர் ஆணையத்தில் நிலுவையில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. என்ன நடந்தது என்பதை மட்டும் ஒன்றுவிடாமல் எழுதுகிறேன்.

அந்தப் பணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் சொல்ல வேண்டும். மையத்தில் 6 முதல் 10 ஆம் வகுப்பு வரை 42 பிள்ளைகள் படிக்கிறார்கள். பெரும்பாலானோரின் தந்தையர் விசைப்படகிலோ நாட்டுப்படகிலோ கடலுக்குச் செல்பவர்கள். தாய்மார்களில் பலர் தீவுகளை ஒட்டிய ஆழமில்லாத நீரில் மூழ்கிப் பாசி எடுப்பவர்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கரையில் நின்றுவிடும் என்பதால், அதற்கு முன்பே சேர்த்துவிட வேண்டும் என்று மகளிர் குழுக்கள் ஜனவரியிலிருந்து 100, 200, 300 என்று வாங்கி ஒரு நோட்டில் எழுதி வைத்தன. அந்த நோட்டு இப்போதும் என்னிடம் இருக்கிறது.

பெட்டி வேண்டும் என்ற ஆசை பிள்ளைகளிடமிருந்தே வந்தது. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8 ஆம் வகுப்பு வரை படிப்பவர்களுக்காக 2022 நவம்பரில் வானவில் மன்றம் என்ற அறிவியல், கணிதச் செய்முறைத் திட்டம் தொடங்கப்பட்ட பிறகு, சோதனைகளைக் கையால் செய்து பார்க்கும் சுவை அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. மையத்திலும் அதைத் தொடர வேண்டும் என்று கேட்டார்கள். நான் 28 ஆண்டுகள் அறிவியல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள் என்பதால், அந்தக் கோரிக்கை எனக்கும் மிகுந்த மகிழ்ச்சியைத் தந்தது.

பிப்ரவரியில் விற்பனைப் பிரதிநிதி ஒருவர் வந்தார். அவர் கொண்டுவந்த மாதிரிப் பெட்டியில் கண்ணாடி லென்சுகளும், பித்தளைத் தாங்கிகளும், கனமான சட்டக் காந்தங்களும் இருந்தன. மின்னோட்டம் பாயும் கம்பியின் அருகில் காந்த ஊசி திரும்புவதைச் செய்து காட்டியபோது பிள்ளைகள் அவரைச் சுற்றி நெருக்கி நின்றார்கள். தமிழ்க் கையேடு தருவோம், எங்கள் ஆள் வந்து இரண்டு நாள் பயிற்சி அளிப்பார், ஓராண்டுக்குள் எது பழுதானாலும் மாற்றித் தருவோம், சென்னையில் அலுவலகம் இருக்கிறது என்று உறுதி கூறினார். இவற்றில் எதையும் நாங்கள் எழுத்தில் வாங்கவில்லை. மாதிரிப் பெட்டியைப் புகைப்படம் எடுத்துக்கொள்ளவும் இல்லை. பின்னால் ஒவ்வொரு பேச்சிலும் எங்கள் கையைக் கட்டிப்போட்டவை இந்த இரண்டும்தான்.

பாதிப் பணத்தை முன்பணமாகச் செலுத்தினோம். மார்ச் மாதத்திற்குள் வந்துவிடும் என்ற பெட்டி, பல தொலைபேசி அழைப்புகளுக்குப் பிறகு ஜூன் கடைசியில் ராமநாதபுரத்தில் உள்ள பார்சல் அலுவலகத்திற்கு வந்தது. மீதிப் பணத்தைச் செலுத்திய பிறகே பெட்டியை விடுவிக்க வேண்டும் என்று நிறுவனம் குறிப்பு அனுப்பியிருந்ததால், பிரித்துப் பார்க்காமலேயே முழுத் தொகையையும் கட்டிவிட்டு வண்டி பிடித்து ஊருக்குக் கொண்டுவந்தோம்.

மறுநாள் மாலை பிள்ளைகள் முன்னிலையில்தான் பிரித்தோம். முதலில் வெளியே எடுத்தவை பின்னப் பட்டைகள். முழுப் பட்டையின் நீளம் 30 செ.மீ.; எனவே மூன்றில் ஒரு பங்குப் பட்டை 10 செ.மீ., ஆறில் ஒரு பங்குப் பட்டை 5 செ.மீ. இருக்க வேண்டும். ஏழாம் வகுப்பு மாணவி ஒருத்தி, மூன்றில் ஒன்றுக்குச் சமமாக ஆறில் ஒன்று இரண்டை அடுக்கி வைத்தாள். அவை பட்டையைத் தாண்டி நீட்டிக்கொண்டு நின்றன. எடுத்துவிட்டு மீண்டும் அடுக்கினாள். மூன்றாம் முறையும் அப்படியே நிற்கவே, என்னை நிமிர்ந்து பார்த்து, "டீச்சர், நான் தப்பா வச்சுட்டேனா?" என்று கேட்டாள். நான் அளவுகோலை எடுத்து அளந்தேன். மூன்றில் ஒன்று என்று அச்சிட்ட பட்டைகள் 9.7 செ.மீ. இருந்தன, ஆறில் ஒன்று என்று அச்சிட்டவை 5.1 செ.மீ. இருந்தன. அதாவது மூன்று மூன்றில்-ஒன்றுகளைச் சேர்த்தால் முழுமைக்கு 9 மி.மீ. குறையும், ஆறு ஆறில்-ஒன்றுகளைச் சேர்த்தால் 6 மி.மீ. கூடும். கைக்கெட்டிய பொருளையே நம்பிக் கற்க வேண்டும் என்று நாம் சொல்லிக்கொடுக்கும் ஒரு பிள்ளையிடம் அந்தப் பொருளே பொய் சொல்லும்போது, அவள் பொருளைச் சந்தேகிக்கவில்லை, தன்னைத்தான் சந்தேகித்தாள். பணம் போனதைக் காட்டிலும் என்னை அதிகம் வருத்தியது அதுதான். அவளுடைய தாய் பாசி எடுத்த கூலியிலிருந்து கொடுத்த 300 ரூபாயும் அந்த நோட்டில் இருக்கிறது.

அதன் பிறகு ஒவ்வொன்றையும் சோதித்தோம். சட்டக் காந்தங்கள் நான்கில் ஒன்றுக்கு இரு முனைகளிலும் வடக்கு என்றே வண்ணம் பூசியிருந்தது. மற்றொன்றை நூலில் கட்டித் தொங்கவிட்டபோது, அது எந்தத் திசையில் விட்டாலும் அந்தத் திசையிலேயே நின்றது, குண்டூசியைக்கூட இழுக்கவில்லை. திசைகாட்டிகளில் இரண்டின் ஊசிகள் அசையவே இல்லை. இந்தக் கரையில் நாட்டுப்படகில் செல்லும் பெரியவர்களின் பிள்ளைகளுக்கு வடக்கு எது என்று திசைகாட்டி சொல்லித்தர வேண்டியதில்லை என்றாலும், ஊசி ஏன் அங்கே திரும்புகிறது என்பதை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும் என்றுதானே அதை வாங்கினோம்.

குவிலென்சின் மீது குவியத் தொலைவு 10 செ.மீ. என்று எழுதியிருந்தது. இதைச் சரிபார்ப்பது எளிது: அறைக்குள் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்து, சன்னலுக்கு வெளியே தொலைவில் உள்ள மரத்தின் பிம்பம் தெளிவாக விழும் வரை லென்சை முன்னும் பின்னும் நகர்த்தினால், தாளுக்கும் லென்சுக்கும் இடையே உள்ள தூரமே ஏறத்தாழ அதன் குவியத் தொலைவு. நாங்கள் தூரத்துப் பனைமரத்தை வைத்துப் பார்த்தோம். 16 செ.மீ. தூரத்தில் ஒரு மங்கலான நிழல் விழுந்தது. அதற்கு மேல் அது தெளியவில்லை. லென்சு கண்ணாடியால் ஆனது அன்று, பிளாஸ்டிக்கை அச்சில் ஊற்றி எடுத்தது. பத்தாம் வகுப்புப் பிள்ளை இதை வைத்துச் சோதனை செய்து விடையை எழுதினால், அவனுடைய கணக்கு எப்படிச் சரியாக வரும்?

வெப்பநிலைமானியைச் சோதிக்க, ஐஸ் கம்பெனியில் மீனுக்குப் போடும் ஐஸை உப்புப் படாமல் தனியாக வாங்கிவந்து உடைத்து உருக விட்டோம். 0 காட்ட வேண்டிய இடத்தில் 3 காட்டியது. கடல் மட்டத்தில் இருக்கும் எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் ஏறக்குறைய 100 டிகிரியில் கொதிக்கும். அதில் 93 காட்டியது. சுருள்வில் தராசில் 100 கிராம் படிக்கல்லைத் தொங்கவிட்டால் 130 கிராம் என்றது. இரும்புத் தாங்கிகள் இங்குள்ள உப்புக் காற்றில் மூன்றே வாரத்தில் துருப்பிடித்தன. மரக் கனசதுரங்கள் மட்டும் சரியாக இருந்தன என்பதையும் நியாயத்திற்காகச் சொல்லிவிடுகிறேன்.

இவை எல்லாவற்றையும்விட அஞ்சத்தக்கது ஒன்று உண்டு. சிறு விளக்குகளுக்குப் பொத்தான் பேட்டரி போட்டிருந்தார்கள்; அந்த மூடிக்குத் திருகு இல்லை, நகத்தால் நெம்பினாலே திறந்துகொண்டது. மையத்திற்கு அக்காமாரோடு மூன்று வயதுத் தம்பி தங்கையரும் வருகிறார்கள். பொத்தான் பேட்டரியைக் குழந்தை விழுங்கி அது உணவுக்குழாயில் சிக்கிக்கொண்டால் இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே உள்ளே கடுமையாகப் புண்ணாக்கிவிடும். அன்றே எல்லா பேட்டரிகளையும் எடுத்து அப்புறப்படுத்தினேன். இப்படிப்பட்ட பெட்டி உங்கள் வீட்டில் இருந்தால் வேறு எதைப் பார்ப்பதற்கும் முன்னால் அந்த மூடியைப் பாருங்கள். விழுங்கியிருக்கலாம் என்ற ஐயம் எழுந்தால்கூட வாந்தி எடுக்க வைக்காமல், தாமதிக்காமல் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.

நிறுவனத்தைத் தொடர்புகொண்டபோது, கடல் காற்றில் வைத்ததால் பழுதாகிவிட்டது, நிறுவனம் பொறுப்பேற்காது என்றார்கள். கடல் காற்றா பட்டையை 3 மி.மீ. தேய்த்தது என்று கேட்டேன்; பதில் வரவில்லை. தமிழ்க் கையேட்டுக்குப் பதிலாக ஆங்கிலத்திலும் இந்தியிலும் அச்சிட்டது வந்திருந்தது. இரண்டு நாள் பயிற்சி என்பது கைப்பேசிக்கு அனுப்பிய ஒரு காணொளியோடு முடிந்தது. பிரதிநிதியின் எண் ஜூலை நடுவில் அணைக்கப்பட்டது.

அப்போதுதான் ரசீதை ஊன்றிப் பார்த்தேன். ஜி.எஸ்.டி. எண்ணில் 15 எழுத்துகளும் இலக்கங்களும் இருக்கும். முதல் இரண்டு இலக்கங்கள் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. எங்கள் ரசீதில் இருந்தது 07, அதாவது டெல்லி. வெளிமாநில நிறுவனம் இங்கே விற்பது தவறில்லை. ஆனால் சென்னையில் பில் போடும் அலுவலகம் இருப்பதாகச் சொன்னது பொய் என்பது அதிலேயே தெரிந்திருக்கும். ஜி.எஸ்.டி. இணையதளத்தில் அந்த எண்ணை இட்டபோது பதிவு ரத்து செய்யப்பட்டது என்று வந்தது. இதைப் பார்க்க இரண்டு நிமிடம்கூட ஆகாது. முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அந்த எண்ணைக் கேட்டு வாங்கிப் பாருங்கள்.

பெட்டியின் மேலே 'என்.சி.இ.ஆர்.டி. பாடத்திட்டப்படி' என்று, அதாவது தேசியக் கல்வி ஆராய்ச்சி மற்றும் பயிற்சிக் குழுவின் பெயரைப் போட்டு, பெரிதாக அச்சிட்டிருந்ததும் எங்களை நம்ப வைத்தது. பாடத்திட்டப்படி என்பதற்கு அங்கீகாரம் என்று பொருள் கிடையாது. அப்படி யாரும் எழுதிக்கொள்ளலாம். என்.சி.இ.ஆர்.டி. தானே வடிவமைத்த அறிவியல், கணிதப் பெட்டிகள் தனியாக இருக்கின்றன. அவற்றுக்கான கையேடுகளையும் அது வெளியிட்டிருக்கிறது. எந்தப் பெட்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதை அந்தக் கையேடுகளோடு ஒப்பிட்டுப் பார்த்திருந்தால்கூட எங்களுக்குக் கேள்வி எழுந்திருக்கும்.

வாங்குகிறவர்கள் ஒரே ஒரு நிபந்தனையில் விட்டுக்கொடுக்காமல் நில்லுங்கள்: பெட்டியைத் திறந்து, மேலே சொன்ன சோதனைகளைச் செய்து பார்த்த பிறகுதான் மீதிப் பணம். அதற்கு ஓர் அளவுகோல், நூல், வெள்ளைத் தாள், படிக்கல், கொஞ்சம் ஐஸ், இவ்வளவே போதும். அரை மணி நேரம் ஆகும். இதற்கு உடன்படாத விற்பனையாளரிடம் வாங்காதீர்கள். திறக்கும்போது முத்திரை உடைப்பதிலிருந்து தொடர்ச்சியாகக் காணொளி எடுங்கள். நாங்கள் பிள்ளைகளின் மகிழ்ச்சியைப் பதிவு செய்வதற்காக எடுத்த காணொளிதான் இன்று எங்களுடைய முக்கியமான ஆதாரமாக இருக்கிறது.

ஏற்கெனவே ஏமாந்தவர்கள் மனம் தளர வேண்டாம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் முதலில் புகாரைப் பதிவு செய்யலாம். 2019 ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம். டெல்லிக்கு அலைய வேண்டியதில்லை. குறை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் கொடுக்க வேண்டும். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. பணம் கட்டிய ரசீது, பார்சல் சீட்டு, வாட்ஸ்அப் உரையாடல்கள், அளவுகோலோடு சேர்த்து எடுத்த புகைப்படங்கள் ஆகியவற்றை இணைத்து நாங்கள் ஆகஸ்டில் கொடுத்தோம். மகளிர் குழுவைச் சேர்ந்த ஐந்து பேர் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு என்னோடு ராமநாதபுரம் வந்தார்கள்.

இதற்கிடையே வகுப்பு நிற்கவில்லை. பின்னப் பட்டைகளைத் திருமண அழைப்பிதழ் அட்டைகளில் பிள்ளைகளே அளந்து வெட்டினார்கள். தீக்குச்சியையும் சைக்கிள் வால்வு டியூபையும் கொண்டு வடிவியல் உருவங்கள் செய்யும் முறையை, எளிய பொருள்களில் அறிவியல் பொம்மைகள் செய்யக் கற்றுத்தரும் அரவிந்த் குப்தா பல ஆண்டுகளாகக் காட்டிவருகிறார், அதையும் செய்துபார்க்கிறோம். தப்பாக வைத்துவிட்டேனா என்று கேட்ட அந்த மாணவியிடம்தான் வெட்டிய பட்டைகளைச் சரிபார்க்கும் பொறுப்பைக் கொடுத்திருக்கிறேன், ஒரு மி.மீ. கூடினாலும் திருப்பிக் கொடுத்துவிடுகிறாள்.

வந்த பெட்டியை ஆதாரமாக மையத்திலேயே பூட்டி வைத்திருக்கிறோம். மண்டபம், உச்சிப்புளி, பெரியபட்டினம், கீழக்கரைப் பக்கங்களில் இதேபோன்ற பெட்டியை விற்க யாராவது வந்தால், முன்பணம் கொடுப்பதற்கு முன் எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்து அதைப் பார்த்துச் செல்லுங்கள். மாலை 5 மணிக்கு மேல் எந்த நாளிலும் திறந்து காட்டுகிறேன்.