லேக் டிஸ்ட்ரிக்ட் பப்பில் சாப்பிடும் முன் கார் எண்ணைப் பதிந்துவிடுங்கள்

இங்கிலாந்தின் லேக் டிஸ்ட்ரிக்டுக்கு வாடகைக் காரில் போகத் திட்டமிட்டிருப்பவர்கள் இதைப் படித்துவிட்டுக் கிளம்புங்கள். ஏரிகள் மீது எனக்குப் புகார் எதுவும் இல்லை. விண்டர்மியர் கரையும், கிராஸ்மியரில் கவிஞர் வேர்ட்ஸ்வொர்த் குடியிருந்த டவ் காட்டேஜும் (அதுவும் முன்பு ஒரு மதுவிடுதியாக இருந்ததுதான்) எத்தனை முறை பார்த்தாலும் அலுக்காதவை. புகார், ஏரியோரக் கிராமம் ஒன்றில் நானும் மனைவியும் மகளும் மதிய உணவுக்கு நுழைந்த பப்பின் மீது.

கரும்பலகையில் 'பாரம்பரிய கம்பர்லேண்ட் சாசேஜ்' என்று எழுதியிருந்தார்கள். இந்தப் பெயருக்கு 2011 முதல் புவிசார் பாதுகாப்பு உண்டு. இறைச்சி 80 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. சாசேஜ் சுருளாகச் சுற்றியிருக்க வேண்டும். என் தட்டில் வந்தவை விரல் நீளத்தில் நேராகக் கிடந்த இரண்டு துண்டுகள். மனைவிக்கு வந்த காய்கறி லசான்யாவின் ஓரம் நாக்கைச் சுட்டது, நடுப்பகுதி சில்லென்று இருந்தது. சொன்னபோது, "இன்று வேறு யாரும் குறை சொல்லவில்லையே" என்பதுதான் பதில். குடிக்கத் தண்ணீர் கேட்டதற்குப் பாட்டிலைத் திறந்து வைத்துக் காசும் வாங்கினார்கள். மது விற்கும் உரிமம் பெற்ற இடங்களில் கேட்டால் குழாய்த் தண்ணீரை இலவசமாகத் தர வேண்டும் என்பது அங்கே சட்டம்.

அடுத்தது பில். கவுன்டருக்கு நாமே போய் ஆர்டர் சொல்லி, பானங்களை நாமே தூக்கிக்கொண்டு வந்து உட்காரும் இடம் அது. ஆனாலும் 56 பவுண்டுக்கு மேல் சேவைக் கட்டணம் 7 பவுண்டு. 'விருப்பப்பட்டால்' என்று பொடி எழுத்தில் ஒரு வரி. எடுத்துவிடுங்கள் என்றேன், மேலாளர் வெளியே போயிருக்கிறாராம். கார்டு இயந்திரத்திலும் அதே கைவரிசை. பவுண்டா, ரூபாயா என்று திரை கேட்டதை எனக்குக் காட்டாமலேயே கவுன்டரில் இருந்த பெண் ரூபாயை அழுத்திவிட்டு, ரகசிய எண்ணுக்காக மட்டும் இயந்திரத்தை என் பக்கம் திருப்பினார். இந்திய கார்டு வைத்திருப்பவர்கள் எப்போதும் பவுண்டையே கேட்டு வாங்குங்கள். ரூபாயில் எடுத்தால் சந்தை விலையைவிட மோசமான விலைதான் போடுவார்கள். எந்த நாணயம் என்று முடிவு செய்யும் உரிமை கார்டுக்காரருக்குத்தான் உண்டு என்பது கார்டு நிறுவனங்களின் விதி.

இதெல்லாம் சில்லறை. பெரிய அடி சென்னைக்குத் திரும்பிய பிறகு விழுந்தது. வாடகைக் கார் நிறுவனம் 'நிர்வாகச் செலவு' என்று 40 பவுண்டைப் பிடித்துக்கொண்டு, ஒரு நோட்டீஸையும் அனுப்பியிருந்தது: பப்பின் கார் நிறுத்துமிடத்தில் அனுமதியின்றி நின்றதற்கு 100 பவுண்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60. கார் நுழைந்ததற்கும் வெளியேறியதற்கும் கேமரா படம்.

அங்கே சாப்பிட்ட எங்களுக்கு ஏன் இது என்று மகள் தொலைபேசியில் கேட்ட பிறகுதான் விஷயம் தெரிந்தது. 'வாடிக்கையாளர்களுக்கு இலவசம்' என்று வாசலில் பெரிதாகப் பலகை வைத்திருக்கும் பப், கார் எண்ணைப் பதிய வேண்டிய சிறு திரையைக் கவுன்டரின் கோடியில், சிப்ஸ் பாக்கெட் கூடைக்குப் பின்னால் வைத்திருக்கிறது. ஆர்டர் வாங்கியவர் வாயைத் திறக்கவில்லை. இதே பயணத்தில் கிரேட் லாங்டேல் பள்ளத்தாக்கில் போன பப்பில், உட்காருவதற்கு முன்பே "கார் எண்ணைப் போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார்கள். மனமிருந்தால் ஒரு வாக்கியம் போதும்.

இப்படி நோட்டீஸ் வந்தால் பதறிப் பணம் கட்டிவிடாதீர்கள். இது அரசு அபராதம் இல்லை, தனியார் நிறுவனம் கேட்கும் கட்டணம். அதற்காகக் குப்பையிலும் போட வேண்டாம்: இப்படிப்பட்ட 85 பவுண்டு கட்டணம் ஒன்று செல்லும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2015இல் தீர்ப்பளித்திருக்கிறது. பில்லின் படத்தோடு முதலில் அந்த நிறுவனத்துக்கே முறையீடு எழுதுங்கள். மறுத்தால் சுயேச்சையான மேல்முறையீட்டு அமைப்பு இருக்கிறது. நிறுவனம் பிரிட்டிஷ் பார்க்கிங் அசோசியேஷன் உறுப்பினராக இருந்தால் அது போப்லா, நமக்குச் செலவில்லை. ஆகவே சாப்பிட்ட பில்லைக் கசக்கி எறியாதீர்கள். காரே வேண்டாம் என்றால் விண்டர்மியர், ஆம்பிள்சைடு, கிராஸ்மியர், கெசிக் ஊர்களை இணைக்கும் 555 பஸ் இருக்கிறது.

எங்கள் முறையீட்டை முதலில் நிராகரித்தார்கள்; மறுபடி எழுதிய பிறகு 100 பவுண்டை ரத்து செய்தார்கள். வாடகைக் கார் நிறுவனம் பிடித்த 40 பவுண்டு போனதுதான். அதைக் கேட்டுப் பப்புக்கு எழுதினேன். கார் நிறுத்துமிடம் வேறு நிறுவனத்தின் பொறுப்பு என்று ஒரு வரியில் பதில் வந்தது.