16 டெராபைட் என்று சொல்லி 64 ஜிபியைத் தலையில் கட்டினார்கள்: ஹார்ட் டிஸ்க் வாங்குகிறவர்கள் படித்துவிட்டு வாங்குங்கள்

நேற்று ராத்திரிதான் அந்தப் பெட்டியைப் பிளந்து பார்த்தேன். கோபம் இன்னும் அடங்கவில்லை, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க் வாங்கும்போது பார்க்க வேண்டிய பத்து விஷயங்களைக் கடைசியில் எழுதுகிறேன். முதலில் நடந்ததைக் கேளுங்கள்.

வீட்டில் மூன்று கம்ப்யூட்டர். என்னுடையது பழைய விண்டோஸ் டெஸ்க்டாப், மனைவியிடம் மேக் லேப்டாப், தம்பி லினக்ஸ் வைத்திருக்கிறான். மூன்றிலும் இடம் இல்லை. ஆளுக்கொரு டிஸ்க் எதற்கு, பெரிதாக ஒன்றை வாங்கி மாற்றி மாற்றிச் செருகிக்கொள்ளலாம் என்பது என் யோசனை. (என் யோசனை என்பதை வீட்டில் இப்போது தினமும் ஞாபகப்படுத்துகிறார்கள்.)

குண்டூசியிலிருந்து பீரோ வரை விற்கும் ஒரு பெரிய ஆன்லைன் தளத்தில் அது கண்ணில் பட்டது. 16 டெராபைட், உள்ளங்கை அளவு, தனியாக பவர் அடாப்டர் வேண்டாம், எந்தக் கம்ப்யூட்டரிலும் ஓடும். நாலரை நட்சத்திரம். விலை, என் அரை மாதச் சம்பளம். அடிமாட்டு விலைக்குப் போட்டிருந்தால் எனக்கே சந்தேகம் வந்திருக்கும். அரை மாதச் சம்பளம் கேட்கிறவன் சரக்கு இல்லாமலா கேட்பான் என்று நினைத்தேன். விமர்சனங்களையும் படித்தேன், மேலே இருந்த பத்துப் பன்னிரண்டை. இப்போது கீழே வரை போய்ப் பார்த்தால் பாதிப் பேர் "கலர் அருமை, போனுக்குக் கச்சிதமாகப் பொருந்துகிறது" என்று எழுதியிருக்கிறார்கள். ஏதோ போன் உறைக்கு வந்த நட்சத்திரங்களை வைத்துக்கொண்டு, அதே பக்கத்தில் பொருளை மட்டும் மாற்றியிருக்கிறான்.

டிஸ்க் வந்த அன்றே மூன்றிலும் செருகிப் பார்த்தேன். விண்டோஸ் 16 டெராபைட் என்றது. மற்ற இரண்டும் 17.6 என்றன. ஒன்றரை டெராபைட் இனாமாக வந்திருக்கிறது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். நான் விழுந்தது அந்த இடத்தில்தான். விற்பவன் பொய் சொல்வான், விமர்சனம் பொய் சொல்லும், மூன்று கம்ப்யூட்டரும் சேர்ந்தா பொய் சொல்லும்?

சொல்லும். கம்ப்யூட்டர் எதையும் அளந்து பார்ப்பதில்லை. உன்னிடம் எவ்வளவு இடம் இருக்கிறது என்று டிஸ்க்கிடமே கேட்கிறது, அது சொன்னதைத் திரையில் போடுகிறது. உள்ளே இருக்கும் சிப்பின் ஃபர்ம்வேரை, அதாவது சிப்பை இயக்கும் நிரலை, திருத்தி வைத்துவிட்டால் எதை வேண்டுமானாலும் சொல்லும். அந்த எண்ணிலேயே குட்டு வெளிப்பட்டிருக்க வேண்டும். டிஸ்க் செய்பவர்கள் ஆயிரம் ஆயிரமாகக் கணக்கிடுகிறார்கள், எங்கள் வீட்டு மேக்கும் லினக்ஸும் அப்படித்தான், விண்டோஸ் மட்டும் 1024-ஆக. அதனால் நிஜமான 16 டெராபைட் டிஸ்க் விண்டோஸில் ஏறக்குறைய 14.5 தான் காட்டும். முழுசாக 16 காட்டியதே பித்தலாட்டம். எனக்கு அது அன்றைக்குத் தெரியவில்லை.

மூன்று வாரம் ராத்திரி ராத்திரியாக ஏற்றினேன். வேகம் விநாடிக்கு 12 எம்பியைத் தாண்டவில்லை. உள்ளே தட்டு சுழலும் நிஜ ஹார்ட் டிஸ்க் யுஎஸ்பி 3-இல் சாதாரணமாக 100-க்கு மேல் போகும். என் டெஸ்க்டாப்தான் கிழடு என்று நினைத்துக்கொண்டேன். காதில் வைத்துக் கேட்டால் சத்தமே இல்லை, அதையும் தரம் என்று எடுத்துக்கொண்டேன். ஏற்றிய கையோடு ஒன்றிரண்டு படத்தைத் திறந்து பார்ப்பேன், திறக்கும். அது டிஸ்க்கிலிருந்து வரவில்லை, கம்ப்யூட்டரின் ரேமில், அதாவது அதன் தற்காலிக நினைவகத்தில், அப்போது மிச்சமிருந்த நகல் என்று தம்பி நேற்று விளக்கினான். பார்த்தாயிற்று என்ற தைரியத்தில் எல்லாவற்றையும் கட்-பேஸ்ட் செய்தேன். காப்பி இல்லை, கட். கிட்டத்தட்ட 900 ஜிபி.

இருபத்திரண்டாம் நாள் மனைவி ஒரு பழைய வீடியோவைக் கேட்டாள். ஃபோல்டர் இருந்தது, கோப்பின் பெயர் இருந்தது, தேதி, அளவு எல்லாம் சரியாக இருந்தன. திறக்கவில்லை. அடுத்தது, அதற்கடுத்தது, எதுவுமே திறக்கவில்லை. "பேர் இருக்கு, ஆள் இல்லையா?" என்றாள். அதுதான் உண்மை. பெயர்ப் பட்டியல் பெரும்பாலும் டிஸ்க்கின் முன்பக்கத்தில் எழுதப்படுகிறது, அந்த இடம் நிஜம். நிஜ இடம் தீர்ந்த பிறகு எழுதியதெல்லாம் காற்றில் எழுதியது. முதல் வாரம் ஏற்றியவை மட்டும் நன்றாக இருந்தன. வரிசையாகத் திறந்துகொண்டே போனபோது ஒரு போட்டோவில் நெற்றியும் கண்ணும் தெரிந்தன, மூக்குக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். 64 ஜிபி முடிந்த இடம் அந்த மூக்கு.

அப்புறம் தொடங்கியது அலைக்கழிப்பு. விற்பவனுக்கு எழுதினேன். வேறு கம்ப்யூட்டரில் செருகிப் பாருங்கள் என்றான். மூன்றிலும் பார்த்தாயிற்று என்றேன். கேபிளை மாற்றுங்கள் என்றான். மாற்றினேன். ஃபார்மேட் செய்யுங்கள், சரியாகிவிடும் என்றான். சரியாகும், பட்டியலும் அழிந்து புதுசு மாதிரி 16 காட்டும், எனக்கு ஆதாரமும் போகும்! தளத்தின் வாடிக்கையாளர் சேவைக்குப் போனால், திருப்பி அனுப்பும் கெடு 15 நாள், தாண்டிவிட்டது என்றார்கள். என் அரை மாதச் சம்பளம் ஐயா என்றேன். "உங்கள் வருத்தம் புரிகிறது, விற்பனையாளரைத் தொடர்புகொள்ளுங்கள்." விற்பனையாளரோ பத்தில் ஒரு பங்கைத் திருப்பித் தருகிறேன், எழுதிய விமர்சனத்தை நீக்குங்கள் என்று பேரம் பேசினான். ஒவ்வொரு சாட்டின் முடிவிலும் "உங்கள் நாள் இனிதாகட்டும்" வேறு.

நேற்று பொறுக்க முடியாமல் தட்டை ஸ்க்ரூடிரைவரை விளிம்பில் கொடுத்து நெம்பினேன். உள்ளே முக்கால்வாசி காலி. ஓரத்தில் பச்சை போர்டு ஒன்று, அதில் விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு, அசையாமலிருக்க மேலே பசையைக் கொட்டியிருந்தார்கள். கை நம்பவேண்டுமே, அதற்காகக் கனத்துக்கு ஒரு இரும்புத் துண்டு. அந்தக் கார்டுக்கும் இரும்புக்கும் அரை மாதச் சம்பளம். படம் எடுத்து அனுப்பினேன். பெட்டியைத் திறந்ததால் உத்தரவாதம் ரத்து என்று பதில் வந்தது.

மீட்க முடிந்ததைச் சொல்லிவிடுகிறேன். என் டெஸ்க்டாப்பில் இருப்பது சுழலும் டிஸ்க், அழித்த கோப்புகளைத் தேடி எடுக்கும் போட்டோரெக் என்ற மென்பொருளை ஓட்டி ஓரளவு எடுத்தோம், பெயர்கள் எல்லாம் போய் எண்களாக வந்தன. மனைவியின் லேப்டாப்பில் எஸ்எஸ்டி, சுழலும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் வகை. அதில் அழித்ததை டிரிம் என்ற வசதி சுத்தமாகத் துடைத்துவிடுகிறது. அவளுடையது ஒன்றும் திரும்பவில்லை. இதற்கு மேல் அதைப் பற்றி எழுதவில்லை.

பத்து விஷயம் என்றேன், இப்போது வருவது மூன்று நாலுதான். உள்ளங்கை அளவில், யுஎஸ்பி கேபிளிலேயே மின்சாரம் எடுத்து ஓடும் சுழலும் டிஸ்க் 2.5 அங்குல வகை. அதில் பல வருஷமாக உச்சம் 5 டெராபைட், 2024-இல்தான் 6 வந்தது. 16, 20 வேண்டுமென்றால் 3.5 அங்குலம்தான், செங்கல் மாதிரி கனக்கும், தனி பவர் அடாப்டரோடு வரும். சட்டைப்பையில் வைக்கிற எஸ்எஸ்டியில் 8 டெராபைட் உண்டு, விலையைக் கேட்டால் தலை சுற்றும்.

வாங்கியதும், திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள், கடைசி பைட் வரை எழுதிப் படித்துச் சோதியுங்கள். அதற்கான மென்பொருள் விண்டோஸுக்கு எச்2டெஸ்ட்டபிள்யூ, மேக்குக்கும் லினக்ஸுக்கும் எஃப்3, இரண்டும் இலவசம். மூன்று வகைக் கம்ப்யூட்டரிலும் எழுதப் படிக்க எக்ஸ்ஃபேட் என்ற வகையில் ஃபார்மேட் செய்யுங்கள், ஆனால் எஜெக்ட் கொடுக்காமல் பிடுங்காதீர்கள், அதில் ஜர்னல், அதாவது பாதியில் நின்ற எழுத்தைச் சரிசெய்ய உதவும் குறிப்பேடு, கிடையாது, பட்டியல் கெட்டுப்போகும். கட்-பேஸ்ட் வேண்டவே வேண்டாம். காப்பி செய்து, டிஸ்க்கைக் கழற்றி, மறுபடி செருகித் திறந்து பார்த்த பிறகு கம்ப்யூட்டரில் இருப்பதை அழியுங்கள்.

தம்பி அவன் காசில் ஒரு 5 டெராபைட் வாங்கி வந்திருக்கிறான். செருகியதும் கையில் மெல்லிய அதிர்வு, காதில் உர்ரென்ற சத்தம். லினக்ஸில் எஃப்3 ஓடிக்கொண்டிருக்கிறது, எழுதி முடிக்கவே இன்னும் ஒன்பது மணி நேரம் காட்டுகிறது, அப்புறம் படிக்க வேறு வேண்டும். "அண்ணா, லேப்டாப்பை மூடலாமா?" என்று இரண்டு தடவை கேட்டுவிட்டான். மூடக் கூடாது என்று சொல்லிவிட்டேன்.