கவுச் டு ஃபைவ் கே: ஒன்பது வாரத்தில் கால் மாறும், கண்ணாடி தாமதமாகத்தான் ஒப்புக்கொள்ளும்

ஓடிப் பழக்கமே இல்லாதவரை ஒன்பது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வைக்கும் திட்டம் கவுச் டு ஃபைவ் கே, அதாவது ‘சோபாவிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்கு’. 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் வகுத்தது. வாரத்துக்கு மூன்று ஓட்டம், இரண்டு ஓட்டத்துக்கு நடுவே குறைந்தது ஒரு நாள் ஓய்வு, ஓடுவதற்கு முன் ஐந்து நிமிடம் விறுவிறு நடை. இதை வைத்துப் பல செயலிகள் வந்துவிட்டன. இங்கே நாங்கள் எடுத்துக்கொண்டிருப்பது பிரிட்டனின் அரசு மருத்துவ சேவையான என்.எச்.எஸ். வெளியிட்டுள்ள செயலியின் அட்டவணை. இலவசம். எப்போது ஓட வேண்டும், எப்போது நடக்கலாம் என்று காதில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே வரும்; கடிகாரத்தைப் பார்க்க வேண்டியதில்லை.

மூச்சு வாங்காமல் ஓட இது கற்றுத்தருகிறதா என்றால், தருகிறது. அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் இதைத் தொடங்கும் பலர் மனதில் இன்னொரு எதிர்பார்ப்பும் இருக்கிறது: தொடை இளைக்க வேண்டும், கெண்டைக்கால் இறுக வேண்டும், கண்ணாடியில் பார்த்தால் வித்தியாசம் தெரிய வேண்டும். அந்த எதிர்பார்ப்புக்கு இந்தத் திட்டம் என்ன செய்கிறது, எங்கே காலை வாருகிறது என்பதைத்தான் இந்த மதிப்புரை பார்க்கிறது.

முதலில் அட்டவணையைக் கூட்டிப் பார்க்க வேண்டும். முதல் வாரம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை, எட்டு முறை. அதாவது ஒரு நாளைக்கு 8 நிமிட ஓட்டம், வாரத்துக்கு 24. இரண்டாம் வாரமும் மூன்றாம் வாரமும் 27, 27. நாலாம் வாரத்தில் 3, 5, 3, 5 என்று ஒரே நாளில் 16 நிமிடம் வந்துவிடுகிறது. வாரக் கணக்கு 48. ஐந்தில் 51, ஆறில் 63, ஏழில் 75, எட்டில் 84, ஒன்பதில் 90.

எல்லாரும் பயப்படுவது ஐந்தாம் வாரத்தின் மூன்றாம் நாளுக்கு. இடையில் நடையே இல்லாமல் 20 நிமிடம் ஓடச் சொல்லும் நாள் அது. ஆனால் அதற்கு முந்தைய ஓட்டத்திலேயே 8, 8 என்று 16 நிமிடம் ஓடியாகிவிட்டது. காலுக்கு அது நான்கு நிமிடக் கூடுதல் மட்டுமே, பயம் மனதுக்குத்தான். உண்மையான மேடு மூன்றிலிருந்து நான்குக்குப் போகும் இடத்தில் இருக்கிறது. 27 நிமிடம் ஒரே வாரத்தில் 48 ஆகிறது. நிமிடத்துக்கு 160 அடி என்று வைத்துக்கொண்டால், மூன்றாம் வாரத்தில் ஒவ்வொரு பாதமும் சுமார் 2,160 முறை தரையில் இறங்குகிறது, நாலாம் வாரத்தில் 3,840 முறை. ஒவ்வொரு இறக்கத்திலும் உடல் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு விசை காலில் ஏறுகிறது. இருதயமும் மூச்சும் அந்தக் கூடுதலைச் சமாளித்துவிடும். எலும்பும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாணும் அவ்வளவு சீக்கிரம் இணங்குவதில்லை. ‘மூச்சு நன்றாக இருக்கிறது, முன்னங்கால் (முழங்காலுக்குக் கீழே முன்பக்கம்) மட்டும் வலிக்கிறது’ என்ற புகார் நாலாம், ஐந்தாம் வாரத்தில் கிளம்புவதற்கு இதுதான் காரணம்.

தீர்வு எளிது. மூன்றாம் வாரம் முடிந்ததும் சொந்தமாக ஒரு வாரத்தைச் செருகிக்கொள்ளுங்கள்: 3 நிமிட ஓட்டம், 90 விநாடி நடை, நான்கு முறை. ஒரு நாளைக்கு 12 நிமிடம், வாரத்துக்கு 36. திட்டம் பத்து வாரமாகிறது, ஆகட்டும். எங்களைக் கேட்டால் இந்த ஒரு வாரம் அட்டவணையிலேயே இருந்திருக்க வேண்டும்.

இனி காலுக்குள் நடப்பது. முதல் பத்து நாளில் தொடையின் முன்பக்கமும் கெண்டைக்காலும் கனத்து வலிக்கும். பாதம் தரையைத் தொடும்போது தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குகிறது. பழகாத தசையில் அதனால் நுண்ணிய சிதைவு ஏற்படும். ஓடிய அன்று அவ்வளவாகத் தெரியாது. அடுத்த நாளும் அதற்கு மறுநாளும் படி இறங்கும்போதுதான் உச்சத்தில் இருக்கும். இரண்டு மூன்று ஓட்டத்துக்குள் தசை பழகிவிடும், அதே ஓட்டம் அப்புறம் வலிக்காது. இதே நாட்களில் இரத்தத்தின் திரவப் பகுதியும் கூடுகிறது. வாரங்கள் போகப் போக, தசை நார்களைச் சுற்றிப் புதிய நுண்குழாய்கள் கிளைக்கின்றன, நார்களுக்குள் சக்தியை உண்டாக்கும் மைட்டோகாண்ட்ரியா பெருகுகிறது, தசை சேர்த்துவைக்கும் மாவுச்சத்தான கிளைகோஜனின் இருப்பு ஏறுகிறது. இவை எல்லாமே பெரிய மாற்றங்கள். ஒன்றுகூடக் கண்ணாடியில் தெரியாது.

அளவு மாறுவது கொஞ்சம்தான். வாரத்துக்கு 90 நிமிட மெதுவோட்டம் தசைக்குத் தாங்கும் சக்தியைத் தரும், பருமனைத் தராது. அதுவரை அசையாமல் இருந்தவருக்குக் கெண்டைக்காலும் தொடையும் சற்றே திரளலாம். கெண்டைக்காலில் வெளியே உருண்டு தெரியும் சதைக்கு அடியில் சோலியஸ் என்ற தட்டையான தசை இருக்கிறது. ஓட்டத்தில் மிக அதிகம் உழைப்பது அதுதான். உடல் எடையின் ஆறேழு மடங்கு விசை அதன் வழியே போகிறது. உள்ளே மறைந்திருக்கும் அந்தத் தசை எவ்வளவு பலமானாலும் வெளித்தோற்றத்தை அவ்வளவாக மாற்றாது. ‘ஓடினால் கால் தடித்துவிடும்’ என்று பயந்து தள்ளிப்போடுபவர்களும், ‘ஓடினால் தொடை மட்டும் இளைக்கும்’ என்று நம்பித் தொடங்குபவர்களும் ஒரே மாதிரி ஏமாறுவார்கள். உழைக்கும் இடத்துக் கொழுப்பை உடல் தேடிப்பிடித்துக் கரைப்பதில்லை. எங்கிருந்து முதலில் எடுப்பது என்பதை மரபும் ஹார்மோன்களும் தீர்மானிக்கின்றன. பல பெண்களுக்குத் தொடைக் கொழுப்பு கடைசியாகத்தான் இறங்கும்.

ஓடி முடித்த கையோடு கண்ணாடி முன் நிற்பது நல்லதல்ல. தசைக்குள் இரத்தமும் நீரும் ஏறி, கால் இருப்பதைவிடப் பெரிதாகத் தெரியும் நேரம் அது. நரம்புகள் புடைத்திருக்கும், சாக்ஸைக் கழற்றினால் கணுக்காலைச் சுற்றி அதன் எலாஸ்டிக் பட்டையின் தடம் ஆழமாகப் பதிந்திருக்கும். அந்தக் காலைப் பார்த்து ‘ஐயோ, தடித்துவிட்டதே’ என்று முடிவுகட்டி ஓட்டத்தையே விடுபவர்கள் இருக்கிறார்கள். சில மணி நேரத்தில் வடிந்துவிடும் வீக்கம் அது.

அளக்கத்தான் வேண்டும் என்றால் சரியாக அளக்கலாம். ஓடாத நாள் காலையில், எழுந்து கழிவறை போய்வந்ததும். நின்றபடி, இரண்டு காலிலும் எடை சமமாக. முழங்கால் சில்லின் மேல் விளிம்பிலிருந்து 15 சென்டிமீட்டர் மேலே பேனாவால் ஒரு புள்ளி வைத்து, அங்கே நாடாவைச் சுற்றுங்கள். தோலைத் தொட வேண்டும், அழுத்தக் கூடாது. கெண்டைக்காலுக்கு மிக அகன்ற இடம் எது என்று நாடாவை மேலும் கீழும் நகர்த்திக் கண்டுபிடியுங்கள். மூன்று முறை அளந்து நடு எண்ணை எழுதுங்கள். இடதும் வலதும் ஒன்றாக இருக்காது; அது இயல்பு. அளவு தவறுவதற்கு முதல் காரணம் புள்ளி இடம் மாறுவதுதான்: தொடை மேலே போகப் போகப் பருக்கும், இரண்டு சென்டிமீட்டர் தள்ளிச் சுற்றினாலே இல்லாத மாற்றம் இருப்பதாகக் காட்டும். நான்கு வாரத்துக்கு ஒருமுறை போதும்.

வீட்டு எடைக்கருவி காட்டும் கொழுப்புச் சதவீதத்தை இந்த ஒன்பது வாரத்துக்கு மறந்துவிடலாம். வெறுங்காலுடன் ஏறி நிற்கும் கருவி ஒரு பாதத்தில் மெல்லிய மின்னோட்டத்தை விட்டு மறு பாதத்தில் வாங்குகிறது. அது போய்வருவது பெரும்பாலும் காலிலும் அடிவயிற்றிலும்தான். மேல் உடம்புக்கு ஒரு சூத்திரத்தை வைத்து ஊகிக்கிறது. உடலில் நீர் கூடிக் குறைந்தால் எண்ணும் மாறும். ஓடிப் பழகும் காலத்தில் நீர்க்கணக்கே மாறிக்கொண்டிருக்கிறது. ஒரு கிராம் கிளைகோஜன் சுமார் மூன்று கிராம் நீரோடு சேர்ந்துதான் தசையில் தங்குகிறது. ஒழுங்காக ஓடியும் முதல் மாதத்தில் எடை அரைக் கிலோ, ஒரு கிலோ ஏறுவதற்கு இது போதும். கொழுப்பு ஏறிவிட்டதாக அர்த்தமில்லை.

முன்னங்கால் வலிக்குத் திரும்பி வருவோம், ஏனென்றால் திட்டத்தைப் பாதியில் நிறுத்த வைப்பதில் அதற்கு முக்கியப் பங்கு உண்டு. உட்கார்ந்து, கணைக்கால் எலும்பின் உட்புற விளிம்பில் கட்டைவிரலை வைத்து, கணுக்காலிலிருந்து மேல்நோக்கி ஒவ்வொரு விரல் அகலமாக அழுத்திக்கொண்டே வாருங்கள். ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் நீளமாக, விளிம்பு முழுக்க நோவு பரவியிருந்தால் அது பெரும்பாலும் எலும்பு விளிம்பின் அழற்சி. ஓட்டத்தைப் பாதியாக்கி, வலி அடங்கும்வரை முந்தைய வாரத்துக்குத் திரும்பினால் சரியாகும். ஒரே புள்ளியில், நாணய அளவு இடத்தில் கூர்மையாக வலித்தால், அந்தக் காலில் மட்டும் குதித்தால் சுரீரென்றால், இரவில் படுத்திருக்கும்போதும் வலித்தால் ஓட்டத்தை உடனே நிறுத்தி மருத்துவரைப் பாருங்கள். அழுத்த முறிவாக, அதாவது திரும்பத் திரும்ப ஏறும் பாரத்தால் எலும்பில் விழும் நுண்ணிய விரிசலாக இருக்கலாம். அதன் மேல் ஓடினால் எலும்பு முழுதாக உடையக்கூடும்.

அடி எடுத்து வைக்கும் முறையில் ஒன்றே ஒன்றை மாற்றலாம். வேகத்தைக் கூட்டாமல் நிமிடத்துக்கான அடி எண்ணிக்கையை 5 முதல் 10 சதவீதம் கூட்டுங்கள். அடி குறுகும், பாதம் உடலுக்கு முன்னால் வெகுதூரம் போய் விழாது, முழங்காலில் ஏறும் பாரம் குறையும். ஷூ வசதியாக இருந்தால் போதும், அதில் ஆராய்ச்சி வேண்டாம்.

திட்டத்தின் பெரிய குறை, காலைப் பலப்படுத்தும் பயிற்சி அதில் இல்லாதது. காலின் வடிவத்தில் கண்ணுக்குத் தெரியும் மாற்றம் வேண்டும் என்பவருக்கு அதைத் தருவது ஓட்டத்தைவிட இந்தப் பயிற்சிதான். வாரத்தில் இரண்டு நாள், ஓடிய பிறகோ ஓடாத நாளிலோ, இருபது நிமிடம் ஒதுக்குங்கள். படி விளிம்பில் நின்று குதிகாலை உயர்த்தி இறக்குவது, முழங்காலை நேராக வைத்து 12 முதல் 15 முறை, மூன்று சுற்று. அதையே முழங்காலைச் சற்று மடக்கிக்கொண்டு மூன்று சுற்று. முதலாவது வெளிச்சதைக்கு, இரண்டாவது சோலியஸுக்கு. இறங்குவதற்கு மூன்று விநாடி எடுங்கள். வேகமாகத் துள்ளினால் வேலையைத் தசைநாணின் நெகிழ்வு செய்துவிடும், தசைக்கு ஒன்றும் கிடைக்காது. 15 சுலபமானதும் ஒற்றைக் காலுக்கு மாறுங்கள். இதோடு நாற்காலி உயரத்துக்கு உட்கார்ந்து எழுவது 10 முறை மூன்று சுற்று, மல்லாந்து படுத்து இடுப்பை உயர்த்துவது 12 முறை மூன்று சுற்று. தொடையும் பின்புறமும் திரண்டு தெரிய எட்டுப் பத்து வாரம் ஆகும்.

பெயரிலும் ஒரு சிக்கல். அரை மணியில் 5 கிலோமீட்டர் முடிக்க, கிலோமீட்டருக்கு 6 நிமிட வேகம் வேண்டும். புதிதாக ஓடுபவருக்கு அது அதிகம். கிலோமீட்டருக்கு 8 நிமிடம் எடுத்தால் கடைசி நாளில் 3.75 கிலோமீட்டர்தான் வரும். அது தோல்வி அல்ல. திட்டம் கேட்பது நிமிடங்களை மட்டும்தான். தூரத்தைத் துரத்தி வேகம் கூட்டுபவர்கள்தான் ஏழாம் வாரத்தில் குதிநாண் வலியோடு உட்கார்ந்துவிடுகிறார்கள். ஓடிக்கொண்டே முழு வாக்கியம் பேச முடிய வேண்டும், அதுதான் சரியான வேகம்.

மிகவும் பாராட்ட வேண்டியது, இந்த அட்டவணையில் எடை, இடுப்பளவு, படம் எதுவுமே இல்லை என்பது. எண்ணுவது நிமிடங்களை மட்டும். உடற்பயிற்சி செய்பவர்கள் தங்கள் உடலைப் பற்றி நல்லபடியாக நினைக்கத் தொடங்குவது, அளவு பெரிதாக மாறாதபோதும் நடக்கிறது என்பது ஆய்வுகளில் திரும்பத் திரும்ப வந்திருக்கிறது. தனக்கு முடிகிறது என்ற உணர்வு அதற்கு உதவுகிறது. போன மாதம் ஒரு நிமிடத்தில் தள்ளாடிய கால் இன்று இருபது நிமிடம் தாங்குகிறது என்று தெரிந்தவர், அதே தொடையை வேறு கண்ணால் பார்க்கிறார். தோற்றத்துக்காக மட்டுமே ஓடுபவருக்கு இந்தப் பலன் குறைவாகவே கிடைக்கிறது. ஒவ்வோர் ஓட்டமும் அவருக்குக் கண்ணாடி முன் ஒரு தேர்வாகிவிடுகிறது. அதனால் ஒரு சிறு நோட்டில் தேதி, ஓடிய நிமிடம், கால் எப்படி இருந்தது என்று மூன்றை மட்டும் எழுதுங்கள்.

இங்கேதான் எச்சரிக்கையும். சீக்கிரம் இளைக்க வேண்டும் என்று ஓட்டத்தைக் கூட்டிச் சாப்பாட்டைக் குறைப்பவர்களுக்கு உடல் வேறு கணக்கு காட்டும். ஓட்டத்துக்குப் போக மிச்சமிருக்கும் சக்தி போதாமல் போனால், ஹார்மோன்களையும் எலும்பு வளர்ச்சியையும் உடல் சுருக்கிக்கொள்கிறது. 2014இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி இதற்கெனத் தனிப் பெயரே வைத்தது. மூன்று மாதம் மாதவிடாய் வராமல் போவது, ஓய்வெடுத்தும் தீராத சோர்வு, அடிக்கடி சளி காய்ச்சல், ஆண்களுக்குப் பாலுறவு நாட்டம் குறைவது, திரும்பத் திரும்ப எலும்பில் வலி: இவற்றில் ஒன்று தெரிந்தாலும் மருத்துவரிடம் போங்கள். உண்ட குற்றத்துக்குத் தண்டனையாக ஓடுவது, ஒரு நாள் விட்டுப்போனால் பதறுவது என்று ஆகிவிட்டால், செயலியை மூடிவைத்துவிட்டு மனநல உதவி தேடுவதே சரி.

ஒன்பதாம் வாரத்தோடு அட்டவணை முடிகிறது. அடுத்து என்ன செய்வது என்று அதில் இல்லை. அப்படியே விட்டால், இரண்டு மூன்று வாரத்திலேயே சேர்த்த தெம்பு குறையத் தொடங்கும். வாரத்தில் இரண்டு நாள், அதே வேகத்தில் 30 நிமிடம் ஓடினாலே அதில் பெரும்பகுதியைத் தக்கவைத்துக்கொள்ளலாம். மூன்றாவது நாளைக் குதிகால் உயர்த்தும் பயிற்சிக்குக் கொடுத்துவிடுங்கள். நாடாவை எடுப்பது அதற்கும் எட்டு வாரம் கழித்துப் போதும்.