பக்கத்து டாக்டரா, குடல் நிபுணரா?

ஏழு வயது மகள் தொப்புளைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுத்தால் எங்கே ஓடுவது? வயிற்றில் சிக்கிய உணவை எடுப்பதாகச் சொல்லும் நாட்டு வைத்தியமான தொக்கம் எடுக்கச் சொல்வார்கள்; அது வேண்டவே வேண்டாம்.

நாங்கள் முதலில் போனது தெருமுனைக் குழந்தை மருத்துவரிடம். பிறந்ததிலிருந்து அவளைப் பார்ப்பவர். எடை, உயரத்தைப் பழைய அட்டையோடு ஒப்பிட்டார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், மலம் இறுகிப்போகிறதா என்று கேட்டார். குழந்தைகளின் வயிற்றுவலிக்கு மலச்சிக்கல் அடிக்கடி காரணமாகிறது. நாங்களோ அதைக் கவனிக்கவே இல்லை! செலவும் அலைச்சலும் குறைவு. ஆனால் கேமரா குழாய் விட்டு உள்ளே பார்க்கும் எண்டோஸ்கோப்பி போன்றவை அங்கே நடக்காது.

குழந்தைகளுக்கான குடல், கல்லீரல் நிபுணர் பெரிய ஊர்களில்தான் கிடைப்பார். கோதுமை ஒவ்வாத சீலியாக் நோய், குடல் அழற்சி போன்றவற்றைத் தேடிப் பிடிப்பது அவர் வேலை. எடை குறைவது, மலத்தில் ரத்தம், நள்ளிரவில் எழுப்பும் வலி, காரணமில்லாத காய்ச்சல், வளர்ச்சி தேங்குவது இருந்தால் நேரே அவரிடமே போகலாம். பச்சை வாந்தி என்றாலோ, வலி வலது கீழ்வயிற்றுக்கு நகர்ந்தாலோ இருவரும் வேண்டாம், உடனே அவசர சிகிச்சைப் பிரிவு.

இவை எதுவும் இல்லையென்றால் நான் தெருமுனை டாக்டர் பக்கம்தான். அப்புறம், வலி வந்த நேரம், சாப்பிட்டது, மலம் போனது மூன்றையும் இரண்டு வாரம் நோட்டில் எழுதி எடுத்துப் போங்கள்.