எலும்பு கூடலன்னா காயிலா, பேடா, உள்ள வைக்கிற பேட்டரியா?

மாசக்கணக்கா ஆகியும் எலும்பு கூடலன்னா மறு ஆபரேஷனுக்கு முன்னாடி கரண்ட் மெஷின் போட்டுப் பாக்கலாம்னு சில ஆர்த்தோ டாக்டருங்க சொல்றதுண்டு, அதுல காயில், தோல்ல ஒட்டுற பேட், உடம்புக்குள்ள வைக்கிற பேட்டரின்னு மூணு வகை இருக்கு. எலும்ப அழுத்தினா அதுலயே லேசா மின்சாரம் உண்டாகுதுன்னு ஜப்பான்ல ஃபுகாடாவும் யாசுடாவும் 1957லயே காட்டினாங்க, இந்த மெஷினுக்கெல்லாம் வித்து அதுதான்.

எனக்குப் பிடிச்சது காயில்தான். விட்டு விட்டு அடிக்கிற காந்தப்புலம், மாவுக்கட்டுக்கு மேலயே மாட்டிக்கலாம், தோல்ல படவே வேணாம். கொலம்பியா யுனிவர்சிட்டில பாசெட்ங்கிற டாக்டரோட டீம் வளர்த்தெடுத்தது, 1979ல அமெரிக்காவுல மருந்து, மருத்துவக் கருவிகளுக்கு அனுமதி குடுக்கிற எஃப்டிஏ ஓகே பண்ணிச்சு. பேட் வகைன்னா ரெண்டு பக்கமும் தோல்ல ஒட்டணும், 60 கிலோஹெர்ட்ஸ் கரண்ட், நாள் பூரா கழட்டக்கூடாது, கட்டுல ஓட்டை போடணும், சிலருக்கு அரிப்பு வேற.

செல்லுக்குள்ள நடக்கிறதுதான் சுவாரசியம். பேட் போட்டா எலும்பு செல்லோட சவ்வுல இருக்கிற கால்சியம் சேனல் திறந்து வெளியேருந்து கால்சியம் உள்ள வருது, காயில் போட்டா செல்லுக்குள்ள ஏற்கெனவே சேத்து வச்ச கால்சியம் அந்த சேமிப்புலேருந்து செல்லுக்குள்ளயே வெளிப்படுதுன்னு பிரைட்டன்ங்கிற ஆர்த்தோ டாக்டரோட டீம் 2001ல சொன்னாங்க. வழி எதுவானாலும் கடைசில கால்சியம் ஒட்டினா வேலை செய்ற கால்மோடுலின்ங்கிற புரதம் உசுப்பப்பட்டு செல் பெருகுது, அதனால செல்லு கணக்குல பெருசா வித்தியாசம் பாக்க வேணாம், எத உங்களால தெனமும் போட்டுக்க முடியுமோ அதான் நல்ல மெஷின்.

பேட்டரி வகை தனி ரகம். முறிவுக்குள்ளயே நெகட்டிவ் கம்பிய வச்சு சுமார் 20 மைக்ரோஆம்ப் விடுவாங்க, அங்க ஆக்சிஜன் குறைஞ்சு காரத்தன்மை ஏறி எலும்பு வளரத் தோதாகுது. போட மறந்துட்டேன்ங்கிற பேச்சே இல்ல, ஆனா கத்தி வைக்கணும், பின்னாடி பேட்டரிய எடுக்கவும் கத்திதான். முதுகெலும்ப இணைக்கிற ஆபரேஷன் மாதிரி எப்படியும் தொறக்கப்போற இடத்துல வச்சா சரி, இதுக்குன்னே தொறக்கிறது வேலையத்த வேலை.

புது முறிவுக்கு மட்டும் யாராவது விக்க வந்தா யோசிங்க. ஆஸ்திரேலியாவுல கால் எலும்பு முறிஞ்ச 259 பேர்கிட்ட நெஜ காயிலும் டம்மி காயிலும் குடுத்துப் பாத்தாங்க, 2011ல ரிசல்ட் வந்துச்சு, மறு ஆபரேஷன் தேவைப்பட்டதுல வித்தியாசமே இல்ல. லேப்ல செல் வளருதுங்கிறது வேற கத, அதுலயும் ஃப்ரீக்வென்சி, நேரம், செல் எந்தக் கட்டத்துல இருக்குங்கிறத பொறுத்து ரிசல்ட் மாறுது.

காந்த பிரேஸ்லெட் போட்டா போதாதான்னு கேக்காதீங்க, மாறிக்கிட்டே இருக்கிற புலம்தான் திசுவுல கரண்ட உண்டாக்கும், சும்மா கெடக்கிற காந்தம் உண்டாக்காது. பேஸ்மேக்கர் வச்சவங்க இந்த மூணுல எதையும் இதய டாக்டர கேக்காம தொடாதீங்க.